பிறர் தோளில் ஏறாத மனிதர்

கொடுங்கையூர் என்றதும் சென்னைவாசிகளின் நினைவுக்கு முதலில் வருவது குப்பைமேடுதான். உழைத்துப் பிழைக்கும் பல்லாயிரம் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். பலருக்கு வருவதே இல்லை. 1980களிலிருந்து மாநகரின் பாதி கழித்துத் தள்ளியதெல்லாம் வந்து குவிந்த இடம் அது. 300 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியது.

அந்த மேடு எப்படி வளர்ந்தது? வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொரு வீட்டிலும், சோற்று மீதியையும் உடைந்த கண்ணாடியையும் குழந்தையின் அணையாடையையும் ஒரே பையில் திணித்து, முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தோமே, அப்படி வளர்ந்தது. பிரித்து வைக்க வீட்டிலே ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் மிச்சப்படுத்தினோம். அதே வேலையை, நாற்றத்திலும் வெயிலிலும், கண்ணாடி கிழிக்கும் கையோடு, இன்னொருவர் செய்தார். வசதி என்று நாம் வாயாரப் புகழ்வதில் பெரும்பகுதி, நம் வேலையை இன்னொருவர் கைக்குத் தள்ளிவிடுவதுதான்.

இதைத் தம் வாழ்நாள் முழுதும் எண்ணி எண்ணி, எண்ணியபடி நடக்க முயன்ற ஒரு மனிதரின் கதையைத் தோழர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறோம். அவர் காந்தியார். நம் இயக்கத்துக்கும் அவருக்கும் இருந்த கருத்து வேற்றுமைகளை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும், அவரோடு கடுமையாக மாறுபட்ட தந்தை பெரியாரே, 1948இல் அவர் கொல்லப்பட்டபோது, இந்த நாட்டுக்குக் காந்தி நாடு எனப் பெயரிடலாம் என்று எழுதினார் அல்லவா? மாற்றாரிடத்தும் கொள்ளத்தக்கதைக் கொள்வது நம் மரபு.

பாரிஸ்டரின் கழுத்துப்பட்டை

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், போர்பந்தரில், திவான் வீட்டிலே பிறந்தவர் அவர். ஏவினால் ஓடிவர ஆள் இருந்த குடும்பம். 1888இல் சட்டம் படிக்க இலண்டன் சென்றார். கைப்பணம் கரைவதைக் கண்டதும் வண்டிச் செலவை நிறுத்தி நடக்கத் தொடங்கினார். நாளொன்றுக்கு எட்டு மைல், பத்து மைல் நடந்தார். சிக்கனத்துக்காகத் தொடங்கிய நடை உடம்பையும் காத்தது. இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை. வறுமையில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான்.

1893இல் தென்னாப்பிரிக்கா போனார். பிரிட்டோரியா நகரிலே முடிவெட்டிக் கொள்ளச் சென்றபோது, வெள்ளைக்கார நாவிதர் இவர் நிறத்தைப் பார்த்து மறுத்துவிட்டார். இவர் நேரே சென்று கத்தரிக்கோல் வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக் கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது; பின்பக்கம் பாழாயிற்று. தலையில் எலி புகுந்ததோ என்று நீதிமன்றத்திலே நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அந்த நாவிதர் மீது அவர் குறை சொல்லவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முடிவெட்ட நம் நாட்டு நாவிதர்களை நாம் விடுகிறோமா என்று தம்மையே கேட்டுக் கொண்டார்.

சலவைக் கூலி மிகுதியானதும் துணி வெளுக்கும் கலை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார், தாமே வெளுத்தார். முதல் நாள் தேய்த்த கழுத்துப்பட்டையில் கஞ்சி மிகுந்துவிட்டது, பெட்டியின் சூடு போதவில்லை. வழக்காடும்போதே கஞ்சி உதிர்ந்தது. உடன் இருந்த பாரிஸ்டர்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. நாள்பட்டு, வெளுப்பவருக்கு நிகராய்க் கைதேர்ந்தார்.

கைமுறிந்த வழக்கறிஞரல்ல, கண் திறந்த வழக்கறிஞர்

நேட்டாலில் தொழில் தொடங்கிய சில மாதங்களிலேயே அவர் அறைக்கு ஒரு தமிழர் வந்தார். கிழிந்த உடை, உடைந்த முன்பற்கள், வாயில் இரத்தம், தலைப்பாகையைக் கழற்றிக் கையிலே வைத்திருந்தார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாய் அந்த நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர். வெள்ளை முதலாளி அடித்த அடி அது. காந்தியார் முதலில் செய்தது, அந்தத் தலைப்பாகையைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னது. பிறகு வழக்கை நடத்தி, அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

நேட்டாலின் கரும்புத் தோட்டமும் சுரங்கமும் யார் முதுகில் நின்றன என்பதை அவருக்குக் காட்டியவர்கள் தமிழகத்தின் கூலி மக்கள். உட்கார்ந்து உண்பவனின் சர்க்கரையில் யாரோ ஒருவருடைய பல் உடைந்திருக்கிறது என்று கண்ட பிறகு, வசதி என்ற சொல் அவருக்கு முன்போல் இனிக்கவில்லை.

ஆனாலும் அவர் அன்றே முழு மனிதராகிவிடவில்லை. 1898இல் டர்பன் வீட்டிலே நடந்ததை நாம் மறைத்தால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். வீட்டில் தங்கியிருந்த எழுத்தர்களின் இரவுச் சட்டிகளை வீட்டாரே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டுமென்று ஏற்பாடு. தாழ்த்தப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த கிறித்தவ எழுத்தர் ஒருவரின் சட்டியை எடுக்கக் கஸ்தூரிபாய் தயங்கினார். அழுதுகொண்டே எடுத்தார். சிரித்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்று கணவர் அதட்டினார். கையைப் பிடித்து வாயிற்கதவு வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் பார்த்தார். அயல்நாட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று அந்த அம்மையார் கேட்ட பிறகே வெட்கிக் கதவைச் சாத்தினார்.

அம்மையாரின் தயக்கத்தில் சாதி இருந்தது, அது தவறுதான். ஆனால் கணவரின் அதட்டலிலே அதிகாரம் இருந்தது. தன் உடம்பை வருத்துவது கொள்கை. அடுத்தவர் உடம்பை வருத்தித் தன் கொள்கையை நிறைவேற்றுவது ஆதிக்கம். இந்த வேறுபாட்டை அவர் அன்று அடிபட்டுக் கற்றார். தம் வரலாற்றில் அதை அவரே எழுதி வைத்தார்.

1901இல் கல்கத்தா காங்கிரசுக்கு வந்தார். பிரதிநிதிகள் தங்கிய இடத்தில் மலக்கூடங்கள் நாறின. தொண்டர்களிடம் சொன்னார், அது தோட்டியின் வேலை என்றார்கள். இவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கி, தாம் பயன்படுத்தும் இடத்தைத் தாமே கழுவினார். பேசுவதற்கு ஆயிரம் பேர் வந்த மாநாட்டில் துடைப்பம் எடுக்க ஒருவர்தான் இருந்தார்!

சக்கரம் சுற்றிய இரவு

1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறும்போது, நண்பர் போலக் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். இரஸ்கின் எழுதியது. இரவெல்லாம் உறங்காமல் படித்தார். வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே, உடலுழைப்பு வாழ்க்கையே வாழத்தக்க வாழ்க்கை என்று அதிலிருந்து அவர் எடுத்துக் கொண்டார். மற்றவர்களாயிருந்தால் புத்தகத்தைப் புகழ்ந்து ஒரு சொற்பொழிவு செய்திருப்பார்கள். அவர் டர்பனுக்கு 14 மைலில், பீனிக்ஸ் என்ற இடத்தில் 100 ஏக்கர் நிலம் வாங்கி, தமது ஏட்டின் அச்சகத்தையே அங்கே பெயர்த்துக் கொண்டுபோனார். நிறமும் நாடும் பாராமல் எல்லோருக்கும் மாதம் மூன்று பவுன் ஒரே கூலி.

அச்சு எந்திரத்தை ஓட்ட ஓர் எண்ணெய் எஞ்சின் இருந்தது. அது நின்றுபோனால் என் செய்வது என்று, கையால் சுற்றும் சக்கரம் ஒன்றையும் அவர் அமைத்து வைத்தார். முதல் இதழ் அச்சாகும் இரவிலேயே எஞ்சின் நின்றுவிட்டது. பொழுது விடிந்தால் ஏடு போக வேண்டும். சக்கரம் சுற்ற ஒரு நேரத்தில் நான்கு பேர் வேண்டும். அங்கே களைத்துத் தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பினார்கள்; மனமுவந்து வந்தார்கள். முறை வைத்துச் சுற்றினார்கள், காந்தியாரும் சுற்றினார். காலை 7 மணிக்கும் வேலை மிச்சமிருந்தது. அப்போது எஞ்சினை மீண்டும் தட்டிப் பார்த்தார்கள்; ஓடியது! ஏடு நேரத்துக்குப் போயிற்று.

பின்னொரு காலத்தில், நன்றாயிருந்த எஞ்சினையே நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே கையால் அச்சடித்தார்கள். பீனிக்சின் மிக உயர்ந்த காலம் அதுவே என்று அவர் கருதினார். நம் அச்சுக்கோக்கும் தோழர்களும் எந்திரம் ஓட்டும் தோழர்களும் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். வேலை தெரிந்தவர் புன்னகைக்க உரிமை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சக்கரத்தைச் சுற்றியவர்களிலே ஏட்டை நடத்தியவரும் ஒருவர்.

டால்ஸ்டாய் பண்ணை

அறப்போரில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் சோறின்றித் தவித்தன. அவர்களுக்காக 1910இல், காலன்பாக் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைலில் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி வாடகையின்றிக் கொடுத்தார். டால்ஸ்டாய் பெயரைச் சூட்டினார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர் பலர். சிறை சென்றவர்களிலும் தமிழரே முன்னணியில் நின்றனர். அவர்களுள் ஒருவர் தம்பி நாயுடு. மொரிஷசில் பிறந்த தமிழர். நடுத்தெருவில் மூட்டை சுமந்து போக வெட்கப்படாத தலைவர்.

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமைப்பது முதல் மலம் அள்ளுவது வரை எல்லாம் அவரவர் கையால். தண்ணீருக்கு ஊற்று 500 கஜ தூரத்தில். காவடியில் சுமந்து வந்தார்கள். கோதுமையைக் கை எந்திரத்தில் அரைத்தார்கள். செருப்புத் தைக்கக் கற்றுவந்த காலன்பாக் காந்தியாருக்கும் கற்றுக் கொடுத்தார். பாரிஸ்டர் செருப்புத் தைத்தார்.

நகருக்குப் போகும் விதி கேளுங்கள். பண்ணை வேலையாய்ப் போகிறவர் மூன்றாம் வகுப்பு ரயிலில் போகலாம். தம் சொந்த விருப்பத்துக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும், கட்டுச்சோறும் வீட்டிலிருந்தே. இரவு 2 மணிக்கு எழுந்து இரண்டரைக்குப் புறப்பட்டால், ஆறேழு மணி நேரத்தில் 21 மைல் கடந்துவிடுவார்கள். விரைந்து நடந்தவரின் கணக்கு 4 மணி 18 நிமிடம்! இளைஞர்கள் இதைத் தண்டனையாக எண்ணவில்லை. விளையாட்டாய் எடுத்துக் கொண்டார்கள். போராட்ட நிதியிலிருந்து பெரும் பணம் மிஞ்சியது.

இனி, கொடுங்கையூரார் கூர்ந்து கேட்க வேண்டியது. அத்தனை பேர் வாழ்ந்த பண்ணையில் கண்ணுக்குக் குப்பை தென்படவில்லை. கழிவுகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சோற்று மீதியும் காய்கறித் தோலும் எருவாயின. கழுவிய நீரைப் பாதையில் கொட்ட அனுமதி இல்லை; வாளியில் பிடித்து மரங்களுக்கு ஊற்றினார்கள். மலத்தை ஒன்றரை அடிக் குழியில் இட்டு, தோண்டிய மண்ணாலேயே மூடினார்கள். நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. குப்பை எவருடையதோ அவர் கையிலேயே முடிந்துபோனது. அடுத்த ஊருக்குப் போகவில்லை. குப்பைமேடு என்ற ஒன்று பிறப்பதற்கே அங்கு வழியில்லை.

1913 நவம்பரில், 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தார்கள். பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தைவிட்டு வெளியேறிய தொழிலாளர்கள். ரொட்டியும் சிறிது சர்க்கரையுமே உணவு. இத்தனை பேருக்கு ரயில் கட்டணம் கொடுக்க முடியாது, ஆகவே நடை. தலைவரும் அவர்களோடு நடந்தார்.

மணல் சுமந்த ஆலைத் தொழிலாளர்

தாயகம் திரும்பிய பின் 1918இல், ஆமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர் 35 சதவீத உயர்வு கேட்டுப் போராடினர். நாட்கள் செல்லச் செல்ல அடுப்பு அணைந்தது. அப்போது சபர்மதி ஆசிரமத்தில் நெசவுக்கூடத்தின் அடித்தளத்தை நிரப்ப மணல் தேவைப்பட்டது. தறியில் பழகிய கைகள் ஆற்று மணலைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தன. கூலி வாங்கிப் பசியாறின. அந்த வரிசையின் முன்னே கூடையைத் தலையில் வைத்து நடந்தவர் அனசூயா அம்மையார். யார் அவர்? எதிரே நின்ற ஆலை முதலாளி அம்பாலால் சாராபாயின் உடன்பிறந்த சகோதரி! 21 நாள் போராட்டம், காந்தியாரின் மூன்று நாள் உண்ணாநோன்புக்குப் பின், நடுவர் தீர்ப்புக்கு விடும் ஏற்பாட்டோடு முடிந்தது.

அதே 1918இல்தான் நம் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது என்பதை வடசென்னைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைவன் மேடையில், தொண்டன் மண்ணில் என்ற பிரிவு இருக்கும்வரை சங்கம் வலுப்பெறாது. இரண்டு ஊரும் கற்ற பாடம் அது.

தலைமேல் விளக்கு

1930 மார்ச் 12ஆம் நாள், 78 பேருடன் தண்டி நோக்கி நடக்கத் தொடங்கினார். வயது 60. தூரம் ஏறத்தாழ 241 மைல். ஏப்ரல் 5ஆம் நாள் கடற்கரை சேர்ந்தார். உலகமே அறிந்த கதை. உலகம் அதிகம் பேசாத ஒரு நிகழ்ச்சியை மட்டும் நாம் சொல்கிறோம்.

மார்ச் 29ஆம் நாள், பட்காம் என்ற ஊர். இரவு நடை. வழிக்கு வெளிச்சம் வேண்டும் என்று தொண்டர்கள் கிட்சன் விளக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். கனத்த விளக்கு, ஒரு முக்காலியில் பொருத்தி ஓர் ஏழைக் கூலியாளின் தலையிலே ஏற்றியிருந்தார்கள். வேகமாய் நட, வேகமாய் நட என்று அவரை விரட்டினார்கள். காந்தியாருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. அதைக் காணாமலிருக்க விரைந்து முன்னே போனார். நடந்தது என்ன? தலைவர் விரைகிறாரே என்று அந்தக் கூலியாளையும் பின்னாலேயே ஓடவைத்தார்கள்!

அன்றிரவு கூட்டத்தில் அவர் வெட்கத்தோடு பேசினார். பால் மோட்டாரில் சூரத்திலிருந்து வந்ததையும் கண்டித்தார். விளக்கு தேவையென்றால் நம்மிலே ஒருவர் அதைச் சுமக்கட்டும். நாமே சுமந்தால் சீக்கிரமே முக்காலியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம் என்போம் என்பது அவர் சொன்னதன் கருத்து.

தோழர்களே! இந்த ஒரு நிகழ்ச்சியிலே அந்த மனிதரின் வாழ்க்கை முழுதும் இருக்கிறது. அவர் நடந்தது காலை வருத்திப் புண்ணியம் தேட அன்று. தம் வசதி எவருடைய தலையில் ஏறியிருக்கிறது என்று பார்த்தார், ஏறியிருந்தால் இறங்கினார்.

நாம் ஏற்பதும் ஏற்காததும்

காந்தியார் எந்திரத்தின் எதிரி என்று இருதரப்பாரும் சொல்வதுண்டு. முழு உண்மை அதுவன்று. ரயிலில் சென்றார், தேவைப்பட்டபோது மோட்டாரிலும் ஏறினார். தையல் எந்திரத்தை மனமாரப் போற்றினார். ஒருவர் தம் மனைவியின் கைவலி பொறாமல் கண்டுபிடித்த கருவி அது என்றார். 1929இல், நல்ல இராட்டை ஒன்றைப் படைப்பவருக்கு 1 இலட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கச் செய்தார். குடிசையிலே வைத்து, ஒரு பெண் அதிகக் களைப்பின்றி எட்டு மணி நேரம் ஓட்டத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. உழைப்பவரின் நோவைக் குறைக்கும் கருவியை அவர் தேடினார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆனால் நாம் ஏற்காததும் உண்டு. தோட்டி வேலையின் பெருமையை அவர் பேசினார். அந்த வேலையைப் பிறப்போடு கட்டிப்போட்ட சாதித் தளையை அறுப்பதில் அவர் காட்டிய வேகம் போதவில்லை. அண்ணல் அம்பேத்கர் இதைக் கடுமையாகச் சாடினார், சாடியது சரியே. துடைப்பம் பிடிக்கும் பாரிஸ்டர் விரும்பும்போது துடைப்பத்தைக் கீழே வைக்கலாம். பிறப்பால் துடைப்பம் திணிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை எங்கே? தேர்ந்தெடுத்த உழைப்பு பெருமை தரும். திணிக்கப்பட்ட உழைப்பு அடிமைத்தனம். கைரிக்சா இழுத்தவரிடம் உடலுழைப்பின் சிறப்பைப் பேசாமல், 1970களின் முற்பகுதியில் கைரிக்சாவையே ஒழித்து, சைக்கிள் ரிக்சாவைக் கொடுத்தது கலைஞர் ஆட்சி. அதுவே நம் வழி. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தும், சாக்கடைக் குழியில் உயிர்கள் போவது நிற்கவில்லை. அங்கே எந்திரம் இறங்க வேண்டும், மனிதர் இறங்கக் கூடாது. இதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

ஆக, கணக்கு எளிது. சுமப்பவரின் முதுகிலிருந்து பாரத்தை இறக்கும் எந்திரம் வரட்டும். வரவேற்போம், வராவிட்டால் போராடிப் பெறுவோம். நம் முதுகுப் பாரத்தை இன்னொரு முதுகுக்கு மாற்றும் வசதியை மட்டும் மறுப்போம்.

நம் கையில் உள்ள வேலை

இரண்டு தெரு தாண்டிக் கிளை அலுவலகம். அதற்கும் மோட்டார் சைக்கிள் எடுக்கிறோம். மூன்றாம் மாடியில் படுத்துக்கொண்டு செல்போனில் சோறு கேட்கிறோம். வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வருபவரும் நம் வர்க்கத்துப் பிள்ளைதான் என்று எண்ணுவதில்லை. ஊர்வலம் முடிந்ததும் கொடியும் தண்ணீர்ப் பாக்கெட்டும் சாலையில் கிடக்கின்றன. விடியற்காலை குனிந்து பொறுக்குகிறவர் ஒரு தூய்மைப் பணியாளர், பெரும்பாலும் ஒரு பெண். அவர் உரிமைக்குத்தான் நேற்று மாலை மேடையிலே முழங்கினோம்!

கொடுங்கையூர்த் தோழர்களை முதலில் அழைக்கிறோம். மாநகரின் கழிவைச் சுமந்த ஊர் நீங்கள், சொல்லும் தகுதி உங்களுக்கே அதிகம். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் நம் வீட்டில் நம் கையால் பிரிப்போம். அதை மனைவி தலையிலோ மகள் தலையிலோ கட்டாமல், ஆண்களே செய்வோம். கூட்டம் முடிந்த இடத்தைக் கூட்டம் நடத்தியவர்களே கூட்டுவோம். பொதுக்குழுவில் பேசியவரும் துடைப்பம் எடுக்கட்டும். நடக்கக்கூடிய தூரத்தை நடப்போம். நடந்தால்தான் தெருவிலே யார் வீட்டில் என்ன குறை என்று தெரியும்.

இதைச் செய்துவிட்டு மாநகராட்சியிடம் போவோம். கையுறை எங்கே, நிரந்தர வேலை எங்கே, எந்திரம் எங்கே, எங்கள் ஊரின் நல்ல காற்று எங்கே என்று கேட்போம். தன் பங்கைச் செய்து முடித்துவிட்டுக் கேட்பவனின் குரலுக்குத் தனி வலிமை உண்டு. அடுத்த ஊர்வலத்துக்கு விளக்குச் சுமக்கக் கூலிக்கு ஆள் தேட வேண்டாம். நம் வட்டச் செயலாளரே முதலில் தோள் கொடுக்கட்டும்.